லயத்து மின்வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா? மலையகத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் தம் தொழிலைச் செய்வதற்கு அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுப்படப் பேசி விடை காண முடியாது. மருத்துவருக்கு வேண்டும் என்பதில் எவருக்கும் தயக்கமில்லை. மாலை கட்டுபவருக்கு வேண்டியதில்லை என்பதிலும் தயக்கமில்லை. இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் மேசன், தச்சர், முடிதிருத்துநர், சுற்றுலா வழிகாட்டி, மின்பணியாளர் என்ற நீண்ட வரிசையைப் பற்றியே வாதம் எழுகிறது. அந்த வரிசையிலிருந்து ஒரு தொழிலை எடுத்து, அது ஓர் இடத்தில் உண்மையில் எப்படி நடைபெறுகிறது என்று பார்த்து, அதன்பின் சட்டத்தைப் பற்றிப் பேசுவது இந்த ஆய்வின் வழி. எடுத்துக்கொண்ட தொழில் வீட்டு மின்வேலை. இடம் இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப்புறம். அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடுகளையே லயம் என்கிறோம்.

தொழிலாளியும் அவர் வேலையும்

இங்கே பேசப்படுபவர் பெயர் சொல்லக்கூடிய தனியொருவர் அல்லர். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எந்தப் பாதையில் ஏறினாலும் காணக்கூடிய ஒருவரின் பொது வடிவமாக அவரைக் கொள்ள வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்தது. உறவினர் ஒருவரைப் பிடித்துக் கொழும்புக்குப் போய், கட்டட வேலைத்தலத்தில் உபஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்தார். முதலில் சுவர் கொத்தவும் குழாய் பதிக்கவும் விட்டார்கள். பிறகு வயர் இழுக்க விட்டார்கள். சில ஆண்டுகளில் மெயின் சுவிட்ச் பெட்டியைத் தனியாகக் கட்டி முடிக்கும் அளவுக்குக் கை தேறியது. வீட்டில் பெரியவர்களுக்கு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பினார். இப்போது லயத்தில் எவர் வீட்டில் பல்பு மினுக்கினாலும், "தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலியில் ஒரு பங்கு அன்றைக்கும் மீதி சம்பளம் போட்ட பிறகும் கைக்கு வரும். டெஸ்டர், பிளையர், துளைக்கருவி எல்லாம் அவரிடம் உண்டு. அவர் இந்த வேலை தெரிந்தவர் என்று சொல்லும் காகிதம் மட்டும் இல்லை.

அவரைத் தடுத்தால் அவருடைய இடத்துக்கு யார் வருவார் என்பதை முதலில் கேட்டாக வேண்டும். தகைமைச் சான்றிதழ் உள்ளவர் பெரும்பாலும் நகரத்தில் இருப்பார். நகரத்தில் அவருக்கு வேலையும் இருக்கும். அவர் மேற்பிரிவு லயத்துக்கு ஏறிவர முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணமே வேலைக்கூலியை எட்டிவிடும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. உடைந்த பிளக் ஒன்றை மாற்ற இரண்டு நாள் சம்பளம் போகும் என்றால் வீட்டுக்காரர் அதை மாற்றப்போவதில்லை. வயரின் நுனிகளைப் பிளக் ஓட்டைக்குள் நேரே செருகி, தீக்குச்சியால் இறுக்கிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவார். தீக்குச்சி செருகுவதற்கு எந்தச் சட்டமும் அனுமதிப்பத்திரம் கேட்காது. தொழிலாளியின் தகுதியை உயர்த்தும் சட்டம், தொழிலாளியே இல்லாத நிலையை உண்டாக்கிவிட்டால், ஆபத்து குறைந்ததாகக் கணக்குக் காட்ட முடியாது.

சுவருக்குள் இருப்பது

ஆயினும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்போரின் வாதத்தை இலேசில் தள்ள முடியாது. மின்வேலையில் செய்த பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. முடியைத் தவறாக வெட்டினால் கண்ணாடியில் தெரியும். மறுமுறை வேறு கடைக்குப் போகலாம். வயரிங் சரியா தவறா என்பதை வீட்டுக்காரர் அறிய ஒரே வழி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. மிக மோசமான வயரிங்கிலும் பல்பு எரியும்.

ஹார்ட்வெயார்க் கடையில் வீட்டுக்கென்று பெரும்பாலும் கேட்கப்படுபவை இரண்டு அளவு வயர்கள். 1/1.13 என்பது ஒற்றை இழை, ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப்பரப்பு, விளக்குகளுக்கானது. 7/0.67 என்பது ஏழு இழை, ஏறத்தாழ இரண்டரைச் சதுர மில்லிமீற்றர், பிளக்குகளுக்கானது. இரண்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு ஏழை வீட்டுக்குச் சிறிதல்ல, ஆகவே விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரிலிருந்தே பிளக்குக்கும் கிளை எடுப்பது எங்கும் நடக்கிறது. அறுபது வாற்று பல்பும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்தில் அது தாங்கியது. இன்று 2,000 வாற்று மின்கேத்தல் ஒன்று 230 வோல்ற்றில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கிறது. அதே கிளையில் 1,000 வாற்று இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்தால் 13 அம்பியரைத் தொடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் காலை நேரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடும். வயர் உடனே எரிந்துவிடாது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, மேலுறை இறுகி வெடித்து, முறுக்கி டேப் சுற்றிய மூட்டில் ஒரு நாள் பொறி பறக்கும். வேலை செய்தவர் போய் ஆண்டுக்கணக்கான பின் அது நேரலாம்.

புவித்தொடுப்பு, அதாவது எர்த், இன்னும் மறைவான விடயம். நம் நாட்டு வீடுகளில் புவிக்கம்பி வீட்டருகே மண்ணில் அடிக்கப்படும் தனிக் கம்பியோடு இணைகிறது. மலைச்சரிவில் இரண்டு அடி தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் பல. மாசி, பங்குனியில் மண் காய்ந்துவிட்டால் அந்தக் கம்பியின் தடை ஏறும். தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், உயிர்க்கம்பி கேத்தலின் உடலைத் தொட்டாலும் மண்ணுக்குள் போவது 2.3 அம்பியர்தான். அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு எந்தப் பியூசும் உருகாது. கேத்தல் வெளிக்கு ஒன்றும் தெரியாமல் உயிரோடு நின்றுகொண்டிருக்கும். இந்த நிலையில் காப்பாற்றக்கூடியது 30 மில்லி அம்பியர் கசிவுக்கே அறுத்துக்கொள்ளும் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. அந்த ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் தொல்லைப்பட, வேலை தெரியாதவர் ஒருவர் அதைத் தாண்டி நேர்வயர் போட்டுக் கொடுத்துவிட்டால், மறுநாள் முதல் விளக்கு அணைவதே இல்லை. வீட்டுக்காரர் வேலை சுத்தம் என்று மகிழ்ந்து கூலியும் கூட்டிக் கொடுப்பார். மறுபுறம், ட்ரிப் சுவிட்ச் இருந்தால் எல்லா ஆபத்தும் நீங்கியது என்று நம்புவதும் தவறு. வயர் தாங்காத அளவு மின்னோட்டம் போவதை அது கவனிப்பதே இல்லை, அதற்கு, மின்னோட்டம் மிஞ்சும்போது தானே அறுத்துக்கொள்ளும் எம்.சி.பி. தனியே வேண்டும். இவற்றை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே படியில் ஏறி வருகிறார்கள். கூப்பிட்டவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

அதற்கு மேல், லயம் தனிவீடு அன்று. காம்பரா எனப்படும் அடுத்தடுத்த குடியிருப்பு அறைகள் ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பகிர்கின்றன. விறகும் பழைய துணியும் கூரைக்கடியில் செருகியிருக்கும். மின்னொழுக்கினால் லயன் குடியிருப்பில் தீ என்ற செய்தி வரும்போதெல்லாம் ஒரு குடும்பத்தோடு அது நிற்பதில்லை. வரிசை முழுவதும் தெருவுக்கு வருகிறது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் முதல் புத்தகப்பை வரை போகிறது. மூன்றாம் காம்பராவில் மலிவான ஆளை வைத்து வேலை செய்ததற்கு ஏழாம் காம்பராக்காரர் சம்மதம் கொடுத்தவர் அல்லர். "தெரிந்தே தேர்ந்தார், விளைவையும் அவரே ஏற்கட்டும்" என்ற சுதந்திரவாதம் இந்தச் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கலாமே என்பதும் இங்கே ஏட்டுச்சுரைக்காய். கூலிக்கு வேலை செய்த இளைஞரிடமிருந்து பன்னிரண்டு குடும்பங்கள் எதைப் பெறும்?

ஆகவே ஒரு தொழிலுக்குக் கட்டாய அனுமதிப்பத்திரம் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. பிழையைப் பணம் கொடுப்பவர் கண்டறிய முடியுமா? பிழையின் தீங்கு, அந்த உடன்பாட்டில் பங்கில்லாத அயலார்மேல் விழுமா? முதலாவதற்கு முடியும் என்றும் இரண்டாவதற்கு விழாது என்றும் விடை வந்தால், அரசுக்கு அங்கே வேலையில்லை. முடிதிருத்தும் நிலையத்துக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கத்தியும் துவாலையும் பார்த்தால் போதும். எல்ல பக்கத்தில் சின்னச் சிவனொளிபாதத்துக்கும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வெள்ளைக்காரரைக் கூட்டிப்போகும் தோட்டத்துப் பையன் விடயத்தில் விடை அவ்வளவு தெளிவில்லை. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் அதிகாரசபை வழிகாட்டிகளைத் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று வகுத்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. காட்டுப்பாதையில் வழி தவறினால் உயிருக்கு ஆபத்து என்பது உண்மை. ஒரு மணி நேரம் தேயிலைக்குள் நடத்திக்கொண்டுபோய் அம்மா கொழுந்து எடுக்கும் மலையைக் காட்டுவதற்கும் அதே காகிதம் எதற்கு என்பதும் உண்மை.

கட்டுப்பாடு ஒருமுறை தொடங்கினால் பரவும் என்பதற்கு அமெரிக்கா எடுத்துக்காட்டு. அங்கே 1950களில் தொழிலாளரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே மாநில அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 2015 இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை நான்கில் ஒருவருக்கு மேல் தேவைப்படுவதாகச் சொன்னது. லூசியானா மாநிலத்தில் பூக்கடைக்காரருக்குக்கூட அரசுப் பரீட்சை இருந்தது. ஹட்டன் மாணிக்கப்பிள்ளையார் கோயில் பக்கம் சரம் தொடுப்பவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். பூவால் எவரும் சாவதில்லை. ஏற்கெனவே கடை வைத்திருப்போருக்குப் புதியவர் வராமல் இருப்பது இலாபம், அவ்வளவே. கட்டுப்பாட்டைக் கேட்டுக் குரல் கொடுப்போர் வாடிக்கையாளரா, அதே தொழிலில் முன்னரே அமர்ந்துவிட்டவரா என்று பார்த்தால் பல சட்டங்களின் உள்நோக்கம் விளங்கிவிடும்.

இன்றைய நிலை

அரசு ஒரு தொழிலைத் தொடுவதில் மூன்று படிகள் உண்டு. பெயரையும் முகவரியையும் பதிந்துகொள்ளச் சொல்வது முதற்படி. முறைப்பாடு எழுந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அது உதவும். திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்து, சான்றிதழ் இல்லாதவரும் தொழில் செய்யலாம் என்று விடுவது இரண்டாம் படி. சான்றிதழ் இல்லாதவர் தொழிலே செய்யக் கூடாது என்று தடுப்பது மூன்றாம் படி. பேச்சில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான், "தரம் வேண்டாமா?" என்று கேட்டே மூன்றாம் படிக்கு நம்மை ஏற்றிவிடுகிறார்கள்.

இலங்கையில் இரண்டாம் படி ஓரளவு கட்டப்பட்டிருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் கைத்தொழிற் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு இணை. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்க்கிறது. பயிற்சி நிலையத்தில் படித்தும் பெறலாம். படிக்காமலே, வேலையில் கற்றதை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியிலும் பெறலாம். கட்டட வேலைத்தலத்துக் கைவினைஞருக்கு அடையாள அட்டை வழங்க 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் கோத்து, வீட்டு மின்வேலை செய்வோரை மூன்றாம் படிக்குள் கொண்டுவரும் முயற்சியை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சில ஆண்டுகளாகவே மேற்கொண்டு வருகிறது. மின்சாரம் தாக்கி இறப்போரைக் குறைக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் குறை காண இடமில்லை.

காகிதத்தின் விலை

முன்கற்றல் அங்கீகாரம் நம் தொழிலாளிக்கென்றே அமைந்த வழிபோலத் தோன்றும். நடைமுறையில் அவர் முதலில் காட்ட வேண்டியது, இத்தனை காலம் இந்த வேலை செய்தார் என்பதற்கான சான்று. கொழும்பு உபஒப்பந்தக்காரர் கடிதம் கொடுப்பவர் அல்லர். கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதி கட்டாதது வெளிவரும். லயத்தில் செய்த வேலைக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது வழக்கமில்லை. அடுத்து மதிப்பீட்டு நாள், அதற்குப் போகும் நாளின் கூலி, பேருந்துச் செலவு, கட்டணம். அதற்கும் அடுத்து மொழி. தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெறும் மதிப்பீட்டாளர் அந்த நாளில் அந்த இடத்தில் இருக்க வேண்டும்; சட்டம் மும்மொழி என்று சொல்வதாலேயே அவர் வந்துவிடமாட்டார். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருப்பது பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும் துணை. நாற்பது வயதில் குடும்பம் நடத்துபவர் மாதக்கணக்கில் அங்கே உட்கார முடியாது.

மலையகத்தார் காகிதத்தைக் கண்டு தயங்குவதற்குப் படிப்புக் குறைவைக் காரணம் சொல்வோர் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். வேலை செய்யக் காகிதம் கேட்ட ஆட்சி இங்கே புதிதன்று. பெரிய கங்காணியின் முன்பணக் கடனை எழுதிய துண்டு இல்லாமல், அந்தக் கடனை அடைக்க அடுத்த தோட்டம் முன்வராமல், ஒருவர் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்தில் பேர்பதிய முடியாத காலம் இருந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. அடுத்த தலைமுறையில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. பிறப்புப் பதிவில் பெயர் ஓர் எழுத்து மாறியதற்காக அடையாள அட்டைக்கு அலைந்தவரின் பிள்ளைதான் இன்று என்.வி.கியூ. விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியவர். துண்டும் மின்பணியாளர் அனுமதிப்பத்திரமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை; முன்னது ஆளைக் கட்டிவைக்க வந்தது, பின்னது அயலாரைக் காக்க வருகிறது. நோக்கம் வேறானாலும், காகிதத்தை வைத்திருப்பவரிடம் இல்லாதவர் கைகட்டி நிற்கும் நிலை இரண்டிலும் உண்டாகும் என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படி ஒரு நிலை உண்டானால் என்ன நடக்கும் என்பதை மருந்தகங்களைப் பார்த்து ஊகிக்கலாம். பதிவு பெற்ற மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கும் முறைகேடு நாடெங்கும் பேசப்படுவது. மின்வேலையிலும் நகரத்து அனுமதிப்பத்திரக்காரர் வீட்டைப் பார்க்காமலே கையொப்பமிடுவார். நம் தொழிலாளி முன்போலவே வயர் இழுப்பார். கூலியில் ஒரு பங்கு கையொப்பத்துக்குப் போகும். வேலையின் தரம் மாறாது, விலை மட்டும் ஏறும்.

தோட்ட மருத்துவமும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலம் முதல் தோட்ட மருந்துசாலையை நடத்தியவர் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் பெறாத உதவியாளரே. அவரால் பிழைத்தவரும் உண்டு, அவரால் கெட்டவரும் உண்டு. பட்டம் இல்லாதவர் ஊசி போடக் கூடாது என்று மட்டும் சட்டம் செய்து, பட்டம் பெற்றவரை மலைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், தோட்டத்தாருக்குக் கிடைத்திருப்பது நல்ல மருத்துவம் அன்று, பூட்டிய மருந்துசாலை.

வயர் யாருடையது

இதுவரை தொழிலாளியைச் சுற்றியே பேசினோம். அனுமதிப்பத்திரச் சட்டங்களின் பெருங்குறையும் அதுவே: எங்கே தீப்பற்றினாலும் கடைசியாக வயரைத் தொட்டவரைத் தேடுகின்றன. லயத்தில் அந்தப் பார்வை பெரும்பாலும் தவறாகிப்போகும்.

லயன் காம்பரா அதில் வாழ்பவருக்குச் சொந்தமன்று. கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினது, கட்டடம் தோட்டத்தினது, வாழ்வது மட்டும் தொழிலாளியினது. புதிதாக மின்னிணைப்புக் கேட்பவர் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இஸ்தோப்பை, அதாவது முன்திண்ணையை, அடைத்து ஓர் அறை கட்டினால் அது அனுமதியற்ற கட்டடம். அதற்கு முறைப்படி வயரிங் செய்ய முடியாததால் பக்கத்து அறையின் பிளக்கிலிருந்து நீட்டு வயர் போகிறது. பழைய வயரை முழுவதும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று நம் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தாலும், தமக்குச் சொந்தமில்லாத சுவருக்கு ஒரு குடும்பம் அவ்வளவு பணம் போடாது. போடச் சொல்வதும் நியாயமன்று. என்.வி.கியூ. நான்காம் மட்டம் பெற்ற ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாலும், அவரும் டேப் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கின்றன. தனிவீட்டில் வயரிங் புதிது, மின்மானி தனி, தீ அயலுக்குத் தாவாது, உரிமையாளர் யார் என்ற கேள்வியும் இல்லை. ஆனால் இந்திய உதவியின் 4,000 வீடுகளையும் 2017 இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளையும் சேர்த்தாலும், லயத்தில் இருப்போரின் தொகைக்கு அவை எட்டாதவை. இன்னும் பல ஆண்டுகள் லயத்தை வைத்தே சட்டம் செய்ய வேண்டும்.

எதைச் சோதிப்பது

ஆளைச் சோதிப்பதற்குப் பதிலாக வேலையைச் சோதிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் உள்ள முறை ஏறக்குறைய அத்தகையது: வீட்டில் மின்வேலை செய்பவர் அரசின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை, பெரிய வேலையானால், பதிவுபெற்ற அமைப்பொன்றின் உறுப்பினராக இருந்து தாமே சான்று கொடுக்க வேண்டும், இல்லையேல் உள்ளூர்க் கட்டடப் பிரிவுக்கு அறிவித்துச் சோதனைக்கு உட்பட வேண்டும். நியூசிலாந்து அனுமதிப்பத்திரம் கேட்கும் நாடு. அங்கும் வீட்டுக்காரர் தம் வீட்டில் சில வயரிங் வேலைகளைத் தாமே செய்து, பரிசோதகரிடம் காட்டி இணைப்புப் பெறலாம்.

மலையகத்துக்கு இதைப் பொருத்தினால், பிளக், ஹோல்டர், சுவிட்ச் மாற்றும் சில்லறை வேலைக்கு எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது. கேட்டால் தீக்குச்சிதான் மிஞ்சும். புதிய இணைப்பு, மெயின் சுவிட்ச் பெட்டி, புதிய கிளை ஆகியவற்றை எவரும் செய்யலாம், ஆனால் சோதனை தேறாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மெகர் என்ற காப்புத்தடை அளவியை வைத்து வயரின் காப்பைப் பார்ப்பது, புவிக்கம்பியின் தடையை அளப்பது, ட்ரிப் சுவிட்சை விழவைத்துப் பார்ப்பது, உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது என்று சோதனைகள் சிலவே. அவற்றுக்கு நெடுநேரம் பிடிக்காது. அந்தச் சோதனையாளருக்குத்தான் கடுமையான அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டுப்பாடே கூடாது என்போர் இதையும் எதிர்ப்பார்கள். ஆனால் ஊருக்கு ஊர் உள்ள ஆயிரக்கணக்கான கைத்தொழிலாளரைத் தடுப்பதற்கும், குறைந்த தொகைச் சோதனையாளரைக் கண்காணிப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னது அரசால் ஆகக்கூடிய வேலை.

சோதனையாளரின் கையொப்பமும் விலைபோகாதா என்று கேட்கலாம். போகும். அதனால் அவரை வேலை செய்தவரோ வீட்டுக்காரரோ தேரக் கூடாது. மின்சாரம் வழங்குவோர் முறைவைத்து அனுப்ப வேண்டும், அவர் தேற்றிய வீடுகளில் சிலவற்றை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் தனித்தனியே ஏறிவரச் சொன்னால் எவரும் வரமாட்டார். தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் முன்கூட்டியே அறிவித்து, ஒரு நாளைக்கு ஒரு லயம் என்று முழு வரிசையையும் ஒன்றாகப் பார்ப்பதே நடக்கக்கூடியது. தீ வரிசை முழுவதற்கும் பொதுவாகையால் சோதனையும் அப்படி இருப்பதே பொருத்தம்.

நம் தொழிலாளி அந்த நாளில் சோதனையாளருடன் நிற்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதலாம். தாம் போட்ட மூட்டு ஏன் தேறவில்லை என்று மெகரின் முள்ளைப் பார்த்துக் கற்பது, நகரத்து வகுப்பறையில் கேட்பதைவிடக் கையில் நிற்கும். தேறிய சோதனைப் பத்திரங்கள் அவர் பெயரோடு சேர்ந்துவந்தால், முன்கற்றல் அங்கீகாரத்துக்குக் காட்ட அவரிடம் இல்லாதிருந்த சான்று அவையே. என்.வி.கியூ. வேண்டுமென்றால் அவர் பெறட்டும். வெளிநாடு போகவும் பெரிய ஒப்பந்தங்களில் சேரவும் அது பயன்படும். அதைப் பெறாததற்காக லயத்தில் அவர் வாயிலை அடைக்க வேண்டியதில்லை.

சோதனையில் தேறாத லயத்தை என்ன செய்வது என்பது கடினமான பகுதி. மின்சாரத்தையே வெட்டிவிட்டால் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் திரும்பிவரும். அது தீயைக் குறைக்கும் வழியன்று. குறை வீட்டுக்காரர் சேர்த்த கிளையில் என்றால் அந்தக் கிளையை மட்டும் பிரித்து, திருத்தச் சொல்லித் தவணை கொடுக்கலாம். குறை கட்டடத்தோடு வந்த பழைய வயரில் என்றால் திருத்தும் கட்டளை தோட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும், சோதனைக் கட்டணமும் புதுவயரின் செலவும் கட்டடத்தின் உரிமையாளர் கணக்கில் ஏற வேண்டும், தவணை தப்பினால் தண்டம் கம்பனிமேல் விழ வேண்டும். அந்தக் கட்டளையின் பிரதி ஒன்று, எந்த மூட்டு, எந்தச் சுவர், எத்தனை ஓம் என்ற விவரத்தோடு, தமிழில் எழுதப்பட்டு அந்தக் காம்பராக்காரர் கையில் கொடுக்கப்பட வேண்டும்.